இராக்கம்மாவின் நாற்பது விநாடி

பதுளை மாவட்டத்திலேயே ஒரு பேயின் வேகத்தை ஸ்டொப்வாட்ச் பிடித்து அளந்த ஒரே மனிதன் நான்தான். மணிக்கு நாற்பத்தைந்து மைல். விநாடி பிசகாது.

இதைச் சொன்னதும் மொஹிதீனின் கராஜில் இருந்த பதினொரு பேரில் பத்துப் பேர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் சிரித்தார். தர்மராசா மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து, இங்கேயே வயதானவர். எண்பது வயதிலும் சட்டைப் பையில் இரண்டு பேனை.

“பேய்க்கு நம்பர் பிளேட்டும் இருந்ததோ, டைம்கீப்பர்?”

“இருந்துச்சு மாஸ்டர். மழையில எழுத்து அழிஞ்சு போச்சு.”

என்னை எல்லோரும் டைம்கீப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளன். என் புத்தகத்தில் ஒரு பஸ்கூடத் தாமதமாக வந்ததில்லை. பயணிகள்தான் முன்கூட்டியே வந்துவிடுவார்கள். நான் சொல்லும் கதைகளில் பத்துக்கு ஏழு பொய் என்பாள் என் மனைவி. அவளுக்குக் கணக்கு வராது. ஒன்பது.

ஆனால் அன்றைய கதை பத்தாவது.

வெளியே மழை. கரண்ட் போய் ஒரு மணித்தியாலம். நடுவில் ஒரு அரிக்கன் லாம்பு, அதற்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய பழைய கார். வீட்டுக்குள்ளே மொஹிதீனின் பேத்தி ஜிப்னா தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. அந்தப் பிள்ளைக்குப் பத்து நாளாகத் தினமும் நாற்பது விநாடி காணாமல் போகிறது. எப்படி என்று சொல்கிறேன். அதை நிறுத்தக்கூடிய ஒரு வார்த்தை அந்தக் கராஜில் இருந்த ஒருவரின் வாயில் இருந்தது. அது எனக்கும் மொஹிதீனுக்கும் மட்டும் தெரியும். பதினொரு பேருக்கு முன்னால் சொன்னாலும், அந்த ஒருவருக்காகத்தான் கதையைத் தொடங்கினேன்.

பின்னேரம் நாலு பத்து. ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் சொல்லமாட்டேன், இப்போது தோட்டத்தை நடத்துகிற துரை நல்ல மனிதர். மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிற பாதை. இடது பக்கம் தேயிலை. வலது பக்கம்... ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால் மேகத்தின் முதுகு தெரியும். மூன்றாம் மைல் கல்லுக்கும் நாலாம் மைல் கல்லுக்கும் நடுவில் சுண்ணாம்பு அடித்த ஒரு மதகு. அந்த ஒரு மைலில் ஆள் நடமாட்டமே கிடையாது. நாய்கூட அந்தப் பாதையில் தனியாகப் போகாது, துணைக்கு இன்னொரு நாயைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போகும்.

அந்தத் தோட்டத்துப் பங்களா ஷெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தது இந்த ஒஸ்டின் கார். மொஹிதீனின் மருமகன் ஸனூஸ் அதை வாங்கி, பதினொரு மாதம் பாடுபட்டு ஓட வைத்தான். எஞ்சின் தையல் மெசின் மாதிரி ஓடியது. ஸ்பீடோமீட்டர் மட்டும் பொய் சொன்னது. ஊசி முப்பது மைல் என்கிறது. ஸனூஸின் போனோ எழுபத்திரண்டு கிலோமீற்றர் என்கிறது. அதாவது நாற்பத்தைந்து மைல்.

“கேபிள் தேஞ்சிருக்கும்,” என்றார் மொஹிதீன்.

கேபிள் தேயவில்லை. மீட்டரைக் கழற்றி லாம்பு வெளிச்சத்தில் பார்த்தோம். முகப்பின் அடியில் எறும்புக் கால் அளவில் ஓர் எண். ஆயிரத்தைந்நூறு. கேபிள் ஆயிரத்தைந்நூறு தடவை சுழன்றால் ஒரு மைல் என்று அந்த மீட்டர் நினைத்துக்கொள்ளும். இந்தக் காரின் கேபிள் எத்தனை தடவை சுழல்கிறது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. கேபிள் நுனியில் ஒரு கடதாசிக் கொடியை ஒட்டினோம். ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு ஐம்பத்திரண்டு அடி பத்து அங்குலம். அதை நாடா பிடித்து அளந்து, கராஜ் வாசலிலிருந்து காரைக் கையால் தள்ளினோம். ஸனூஸ் தள்ள, மொஹிதீன் தள்ள, நான் குனிந்து கொடியை எண்ணினேன்.

பத்துச் சுற்று. அப்படியானால் மைலுக்கு ஆயிரம்.

மீட்டர் இந்தக் காருக்குச் சொந்தமானதே அல்ல. யாரோ வேறு காரிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள். நாற்பத்தைந்தில் பறந்தாலும் முப்பது என்றுதான் காட்டும். நான் எழும்பவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸனூஸ் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தான்.

ஆயிரம் என்று எழுதிய மீட்டர் ஒன்று அப்புத்தளையில் பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் கிடைத்தது. மாட்டினோம். மஹியங்கனைப் பக்கம் இறங்கி, நேரான வீதியில் ஒரு மைலை அளந்து ஓட்டிப் பார்த்தோம். ஊசி முப்பதில் நின்றால் ஒரு மைலுக்குச் சரியாக இரண்டு நிமிடம் எடுக்க வேண்டும். எடுத்தது. நூற்றிருபது விநாடி, கூடவுமில்லை, குறையவுமில்லை. அதற்கு நான் பிடித்த ஸ்டொப்வாட்ச் இரவல் வாங்கியது.

“என்ரை வாட்ச்,” என்றார் மாஸ்டர். “ஸ்கூல் விளையாட்டுப் போட்டியிலை இருபத்தாறு வருஷம் பிடிச்சது. உது பிழைக்காது.”

“அதத்தான் மாஸ்டர் நானும் சொல்ல வர்றேன். அது பிழைக்காது.”

அவர் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார்.

சரி. கார் பிறந்து வளர்ந்த பாதையிலும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றான் ஸனூஸ். போனை முன் கண்ணாடியில் மாட்டி, ஊசியும் ஸ்டியரிங்கும் என் கையிலிருந்த வாட்ச்சும் தெரியும்படி வீடியோவை ஓடவிட்டான். மூன்றாம் கல். அமுக்கினேன். ஊசி முப்பது. மூடுபனி இறங்கி வந்தது. மதகு வெள்ளையாகத் தெரிந்தது...

அப்போது ஒரு வாசனை. பச்சைக் கொழுந்து கசங்கிய வாசனை, அதோடு புகையிலை. பின் சீட்டில் ஒரு சத்தம். சரக்... சரக்... மழையில் நனைந்த படங்கு ஒன்றோடொன்று உரசுமே, கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற அந்தப் படங்கு... அதே சத்தம்.

நாலாம் கல். அமுக்கினேன்.

எண்பது.

ஊசி முப்பதுதான். போனும் நாற்பத்தெட்டு கிலோமீற்றர்தான் என்றது. முப்பதில் போனால் நூற்றிருபது எடுக்க வேண்டிய மைல். “டைம்கீப்பரண்ணே, மூணாம் கல்லுல பிந்தி அமுக்கிட்டீங்க,” என்றான் ஸனூஸ். மறுபடியும் மூன்றாம் கல்லிலிருந்து ஓட்டினோம். அதே மதகு, அதே வாசனை. எண்பது. கார் நின்றதும் இறங்கிப் பார்த்தோம். பள்ளத்துப் பக்கச் சக்கரம் பாதி மண்ணில் இருந்தது, பாதி காற்றில்.

“நான் ஸ்டியரிங்க ஆட்டவே இல்லண்ணே,” என்றான். அவன் பல் அடித்துக்கொண்ட சத்தம் பசறை வரை கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து ரேடியோச் செய்தியோடு என் கைக்கடிகாரத்தை ஒத்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டத்துக்கும் சேர்த்து எண்பது விநாடி பின்னால் நின்றது. ஓட்டத்துக்கு நாற்பது. பிறகு வீடியோவைப் போட்டோம். அதில் ஓட்டம் நூற்றிருபது விநாடி ஓடுகிறது. மதகு வந்ததும் ஸனூஸின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலிருந்து வழுகி மடியில் விழுகின்றன. பின் சீட்டிலிருந்து ஒரு கை வருகிறது. ஈரக் கை. கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். அது என் கையின் மேல் படிந்து, கட்டைவிரலால் வாட்ச்சை அமுக்குகிறது. முள் நிற்கிறது. கார் நிற்கவில்லை. ஸ்டியரிங் தானாக வலது பக்கம் திரும்புகிறது. கொஞ்சம்... இன்னும் கொஞ்சம். நாற்பது விநாடி. கை போகிறது. முள் மறுபடி ஓடுகிறது. ஸனூஸ் எதுவும் நடக்காத மாதிரி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான்.

“உந்த வீடியோவைக் காட்டும் பாப்பம்,” என்றார் மாஸ்டர்.

“அழிச்சிட்டான் மாஸ்டர். புள்ள பாத்திடும்னு.”

“நல்ல வசதி.”

இரண்டு பேர் சிரித்தார்கள். மொஹிதீன் சிரிக்கவில்லை. அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் அப்போதுதான் பேசினார்.

“மாஸ்டர், வீடியோவ விடுங்க. என்ட பேத்தியக் காட்டவா? அடுத்த நாள் பின்னேரம் இந்தக் கார்ல ஏறி ஸ்டியரிங்கப் புடிச்சு வெளையாடிக்கிட்டு இருந்திச்சு. நாலு பத்து. கண் திறந்திருக்கு, மூச்சு இல்ல. மகள் கத்துறா, நான் தூக்குறேன், கல்லு மாதிரி இருக்கு. பொறகு ஒரு மூச்சு எடுத்திச்சு. வலது கை நனைஞ்சிருந்திச்சு. அன்னேலருந்து ஒவ்வொரு நாளும். வீட்ல இருந்தாலும், ஸ்கூல்ல இருந்தாலும். பெரிய டொக்டர்மார் தலையப் படம் புடிச்சுப் பாத்தாங்க, ஒன்னுமில்ல. ஓதியும் பாத்தாச்சு. நாலு பத்துக்கு நாங்க எல்லாரும் புள்ளையச் சுத்தி நின்னு எண்ணுறோம், மாஸ்டர். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பதுன்னு.”

தகரத்தில் மழை மட்டும்.

மாஸ்டர் குரலைத் தணித்தார். “பிள்ளைக்கு அது ஒரு வகை வலிப்பு, மொஹிதீன். கொழும்புக்குக் கொண்டு போங்கோ. இந்த மனுசன்ரை கதையைக் கேட்டுக்கொண்டு இருக்காதையுங்கோ.”

“கதை முடியல மாஸ்டர்,” என்றேன். “பின் சீட்ல இருந்தது யாருன்னு சொல்லவே இல்லையே.”

இராக்கம்மா. என் சின்னம்மா மகள், எனக்கு அக்கா. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறாம் வருடம். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, விறகுக் கட்டோடு லயத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பின்னேரம் நாலு பத்து. அந்த மதகு. அப்போதைய துரை இந்த ஒஸ்டினில் வந்தார்.

விசாரணையில் துரை சொன்னார், ஊசி முப்பதில்தான் நின்றது என்று. பக்கத்தில் இருந்த கிளார்க்கும் பார்த்ததாகச் சொன்னார். அது பொய்யில்லை, ஊசி முப்பதில்தான் நின்றிருக்கும். மீட்டர் சரிதானா என்று ஒருவரை வைத்துச் சோதித்தார்கள். சரி என்று கடிதம் வந்தது. அவ்வளவுதான். முப்பதில் வந்த கார் அந்தத் தூரத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அவளேதான் முன்னால் பாய்ந்திருக்கிறாள். முதல் நாள் இரவு புருஷனோடு சண்டை பிடித்ததற்குச் சாட்சியும் இருந்தது. தற்கொலை என்று எழுதி மூடினார்கள்.

புருஷனை லயத்தில் யாரும் முகம் பார்க்கவில்லை. ஒரு நாள் எங்கேயோ போனவன் போனவன்தான். மகளுக்கு அப்போது ஏழு வயது. பாய்ந்தவள் மகள் என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தார்கள். நானும்தான் நம்பினேன். பிள்ளையை விட்டுவிட்டுப் பாய்ந்தாளே என்ற கோபத்தில் அக்காவின் கருமாதிக்குக்கூட நான் போகவில்லை. முப்பத்தெட்டு வருடம் கழித்து, கராஜ் வாசலில் குனிந்து பத்துச் சுற்று எண்ணிய அன்றைக்குத்தான் தரையில் உட்கார்ந்தேன்.

துரைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்தக் காரைத் தொடவே பயந்து ஷெட்டில் பூட்டினார். வேறு எந்த வண்டியில் ஏறினாலும், நின்ற இடத்திலேயே ஊசி நாற்பத்தைந்துக்கு ஏறிவிடும். தோட்டத்து லொறியில், பக்கத்துத் துரையின் ஜீப்பில், ஏன், மாட்டு வண்டியில்கூட. அதற்கு மீட்டரே இல்லை, ஆனாலும் ஏறியது. கடைசியில் இரண்டு நாள் நடந்தே அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போனார். ஒரு துரை நடந்து போவதை ஊவா மாகாணம் அன்றுதான் பார்த்தது. ரயிலில் ஏறி உட்கார்ந்தார். பின்னேரம் நாலு பத்து. அடுத்த ஸ்டேஷனில் இறக்கும்போது கண் திறந்தபடி இருந்தார். வலது கை மட்டும் நனைந்திருந்தது.

“மாட்டு வண்டி,” என்றார் மாஸ்டர். “மாட்டு வண்டி எண்டு சொன்ன இடத்திலை நீர் தோற்றுப் போனீர், டைம்கீப்பர்.”

“மாட்டு வண்டி பொய்தான் மாஸ்டர். இது?”

சட்டைப் பையிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்து லாம்புக்கு முன்னால் விரித்தேன். கார்பன் நகல். காரின் முன் பெட்டிக்குள், எலி கடித்த கையுறைக்கு அடியில் கிடந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். “ஊசி முப்பதில் நிற்க, மூன்றாம் கல் தொடக்கம் நாலாம் கல் வரை எடுத்த நேரம் நூற்றிருபது விநாடி. மீட்டர் சரியாக உள்ளது.” கீழே ஒரு கையெழுத்து. வடிவான, நேரான கையெழுத்து. இங்கே இருந்தவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு பள்ளி ரிப்போர்ட்டில் விழுந்த அதே கையெழுத்து.

பழைய மீட்டரை எடுத்துக் கடதாசியின் மேல் வைத்தேன். ஆயிரத்தைந்நூறு.

“இந்த மீட்டர்ல நூத்தியிருபது வராது மாஸ்டர். எண்பதுதான் வரும். நாப்பது செக்கன எங்க போட்டீங்க?”

பத்துத் தலையும் திரும்பின. மாஸ்டர் கடதாசியைத் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

“முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின காகிதம். ஆரும் என்ன மீட்டரும் கொண்டுவந்து வைக்கலாம்.”

“மாஸ்டர்.” மொஹிதீன் எழுந்து அவர் முன்னால் நின்றார். “பொலிசுக்குச் சொல்ல வேணாம், எழுதித் தர வேணாம். எண்பதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. புள்ளைக்காக.”

“பேய்க்குப் பயந்து நான் பொய் சொல்லேலாது.” மாஸ்டர் எழும்பினார். குடையை எடுத்தார். என் பக்கம் கையை நீட்டினார். “என்ரை வாட்ச்சைத் தாரும்.”

அந்த வாட்ச் அந்த இரண்டாவது ஓட்டத்திலிருந்து என்னிடம் எண்பதில் நின்றுகொண்டிருந்தது. சாவி கொடுத்தாலும் ஓடவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை நானே மடித்தும் விட்டேன். என் மனம் குளிர்ந்தது, மறைக்கமாட்டேன்.

அவர் திரீவீலரில் ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. காரின் பின் சீட்டில் அத்தனை நாளும் தங்கியிருந்த புகையிலை வாசனை போயிருந்ததை மொஹிதீன்தான் முதலில் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு நான் மாஸ்டரின் வீட்டு வாசலில் நின்றேன். அறுபத்தெட்டு வயதில் அந்தப் படிக்கட்டை மூன்று மூன்றாகத் தாண்டினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விடுங்கள். அவர் முன் அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். கையில் வாட்ச்.

“வாரும். உம்மடை பேய் வரேல்லைப் போலை.”

“மணி நாலு எட்டுதான் மாஸ்டர்.”

பேப்பரைப் புரட்டினார். கேத்தல் விசிலடித்தது. அவர் மனைவி காலமாகி ஆறு வருடம், அடுப்பை அணைக்க நான்தான் எழும்பினேன். திரும்பி வரும்போது வாசலிலேயே அந்த வாசனை என்னை நிறுத்தியது. பச்சைக் கொழுந்து. புகையிலை.

மாஸ்டரின் கண் திறந்திருந்தது. பேப்பர் மடியில் கிடந்தது. மார்பு அசையவில்லை. மூடிய கைக்குள்ளிருந்து மட்டும் டிக், டிக், டிக்... அத்தனை நாள் நின்ற முள் ஓடிக்கொண்டிருந்தது. எண்பதிலிருந்து.

என் போன் அடித்தது. மொஹிதீன். அவர் அழுதுகொண்டே பேசியதில் பாதிதான் புரிந்தது. ஜிப்னா பிளேன்டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, எதுக்கு எல்லாரும் என்னையே பாக்கிறீங்க என்று கேட்கிறாளாம்.

போனைக் காதில் வைத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது விநாடி எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். விறகுக் கட்டோடு ஒருத்தி அந்தப் பாதையைத் தாண்டி, மதகில் கட்டை இறக்கி வைத்து, வெற்றிலையை மடித்து வாயில் போட அது போதும்.

டிக்.

நின்றது. மாஸ்டர் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பியவர் மாதிரி மூச்சை இழுத்தார்.

“எண்பத்து மூண்டு கலவரத்திலை,” என்றார், “அந்தத் துரை எங்களை மூண்டு நாள் பங்களாவுக்கை ஒளிச்சு வைச்சவர். நான், மனுசி, ரண்டு பிள்ளையள். நாலு உயிர். வெளியிலை ஆக்கள் கத்தியோடை நிண்டவை. பிறகு அவர் என்னட்டைக் கேட்டது நாப்பது செக்கன். நாப்பது செக்கன்தானே எண்டு நினைச்சிட்டன், டைம்கீப்பர்.”

ஒருவர் கதையைக் குறுக்கிடாமல் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

“நீர் சொன்னதெல்லாம் நடந்ததுதான். எண்பது. எண்பது செக்கன். பேனையைத் தாரும், எழுதிக் கையெழுத்து வைக்கிறன்.”

அவர் சட்டைப் பையிலிருந்தே ஒரு பேனையை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. வலது கை நாற்காலிப் பிடியிலேயே கிடந்தது, விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

“எழுதத்தான் பாக்கிறன்,” என்றார் மெதுவாக. “அவ கையை எடுக்கிறா இல்லை.”